இன்ஜினோட மூச்சை அடைச்சேன், 1,356 பவுண்ட் போச்சு



போன வருஷம் நம்ம சேனல்ல என்னோட பழைய எம்.ஜி.பி. கார் ரீஸ்டோரேஷன் பட்ஜெட் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். எவ்வளவுக்கு வாங்கினேன், பெயின்ட்டுக்கு எவ்வளவு, இன்ஜினுக்கு எவ்வளவுன்னு எக்ஸெல் ஷீட்டோட காட்டின வீடியோ அது. அதுல நடுவுல ஒரு இடத்துல ரொம்பப் பெருமையா ஒண்ணு சொன்னேன்: "கார்புரேட்டருக்குப் போற இந்த ரப்பர் ஹோஸ் எல்லாம் தேவையே இல்லை. எடுத்துட்டு ஒரு குட்டி குரோம் ஃபில்டர் மாட்டினா போதும். 18 பவுண்ட்ல வேலை முடிஞ்சது, பார்க்கவும் நல்லா இருக்கு."

அது தப்பு. தெரியாம தப்பாச் சொல்லிட்டேன். அதைப் பார்த்துட்டு அதே மாதிரி செஞ்சதா ரெண்டு பேர் எனக்கு போட்டோவே அனுப்பியிருந்தாங்க. அதனால இந்தப் பதிவு. கார் பிடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுல பணக் கணக்கும் இருக்கு.

புதுசா வர்றவங்களுக்கு: நான் இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கற ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். என்கிட்ட இருக்கறது 1970-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஜி.டி., பின்னாடி சின்னதா ஒரு சீட் வச்ச கூபே மாடல். எங்க வீட்லேர்ந்து முக்கால் மணி நேர தூரத்துல இருக்கற ஆபிங்டன் ஃபேக்டரியில தயாரானது. 1962-லேர்ந்து 1980 வரைக்கும் அந்த ஊர்ல இந்த வண்டியை அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்சிருக்காங்க. அதனாலதான் இன்னைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் சுலபமா கிடைக்குது, நம்மள மாதிரி சம்பளக்காரங்களும் ஒரு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்க முடியுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்ஜினுக்குள்ள பெட்ரோல் வெடிக்கும்போது எல்லா கேஸும் பிஸ்டனைத் தள்ளிட்டு சைலன்சர் வழியா ஒழுங்கா வெளியே போயிடறதில்லை. எவ்வளவு புது பிஸ்டன் ரிங்கா இருந்தாலும், ஓரமா கொஞ்சம் கேஸ் நழுவி கீழே கிராங்க்கேஸுக்குள்ள இறங்கும். அதுல எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், நீராவி இருக்கும், கார்பன் மோனாக்சைடும் இருக்கும். இதுக்கு வெளியே போக வழி வேணும். வழி இல்லேன்னா என்ன ஆகும்னு நம்ம வீட்டு சமையலறையிலேயே பார்த்திருப்பீங்க. குக்கர் வெயிட்ல பருப்பு அடைச்சுக்கிட்டா, ஆவி கேஸ்கெட் ஓரமா புஸ்ஸுனு வரும்ல? அதேதான். இன்ஜின்ல ஆயில் சீல்தான் அந்த கேஸ்கெட்.

ரொம்பப் பழைய வண்டிகள்ல இதுக்கு ஒரு குழாயைக் கீழே ரோட்டைப் பார்த்துத் தொங்க விட்டிருப்பாங்க, அவ்வளவுதான். வண்டி ஓடும்போது அடிக்கிற காத்து கேஸை இழுத்துட்டுப் போயிடும். சிக்னல்ல நின்னா இழுக்க ஆள் இல்லை, அங்கேயே புகையும். 1960-களின் தொடக்கத்துல கலிபோர்னியாவில புகைமூட்டப் பிரச்சினை பெருசாகி, இந்தக் கேஸை வெளியே விடாம திரும்ப இன்ஜினுக்கே கொடுத்து எரிக்கணும்னு கொண்டு வந்தாங்க. எம்.ஜி.பி.க்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்காதான், அதனால ஆபிங்டன்காரங்களும் மாத்தினாங்க. 1964 கடைசியில வந்த அஞ்சு பேரிங் இன்ஜின்ல, இன்டேக் மேனிஃபோல்டு மேல ரப்பர் டயாஃபிரம் வச்ச ஒரு வால்வு இருக்கும். அப்புறம் அந்த வால்வையும் எடுத்துட்டு, ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்லயும் ஒவ்வொரு சின்னக் குழாய் வச்சு, அது வழியா உறிஞ்ச வச்சாங்க. என் வண்டி இந்த ரெண்டாவது வகை.

அது வேலை செய்யற விதம் ரொம்ப எளிமையானது. நம்ம ஊர் பழைய வீடுகள்ல முன்வாசலையும் கொல்லை வாசலையும் திறந்து வச்சா காத்து தானா ஓடும் இல்லையா? இங்க முன்வாசல் ஆயில் ஊத்தற மூடி. அதுக்குள்ளேயே ஒரு ஃபில்டர் இருக்கும், அது வழியா சுத்தமான காத்து உள்ளே வரும். கொல்லை வாசல், இன்ஜின் பக்கவாட்டுல இருக்கற முன் டேப்பெட் கவர். அதுல டப்பா மாதிரி ஒண்ணு இருக்கும், உள்ளே கம்பி வலை. ஆயில் துளிகளை அந்த வலை பிடிச்சு வச்சுக்கும், கேஸ் மட்டும் ஹோஸ் வழியா ஒரு ஒய்-பீஸுக்குப் போய், ரெண்டா பிரிஞ்சு கார்புரேட்டருக்குள்ள போகும். இன்ஜின் ஓடுற நேரம் முழுக்க ஒரு மெல்லிய உறிஞ்சல் இருந்துக்கிட்டே இருக்கும். உள்ளே அழுத்தம் சேரவே சேராது.

இதைத்தான் நான் பிடுங்கிப் போட்டேன்.

ஏன்னு கேட்டா, பழைய கார் வட்டாரத்துல எல்லாரும் சொல்ற ஒரு கதை இருக்கு. "அதெல்லாம் அமெரிக்கச் சட்டத்துக்காக வச்சது. ஆயில் புகையை கார்புரேட்டருக்குள்ள விட்டா பவர் குறையும், அழுக்கு சேரும். எடுத்துடு." எனக்கும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார். கூடவே அலுமினியம் ராக்கர் கவர் ஒண்ணு ஆன்லைன்ல பளபளன்னு கிடைச்சது. அதோட குரோம் மூடியும் வந்தது. அந்த மூடியில ஃபில்டரும் இல்லை, ஓட்டையும் இல்லைங்கறதை நான் கவனிக்கவே இல்லை. கார்புரேட்டர் குழாய் ரெண்டுக்கும் ரப்பர் தொப்பி போட்டு அடைச்சேன். டேப்பெட் கவர்ல உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு ஃபில்டரை மாட்டினேன். முன்வாசல் பூட்டியாச்சு, கொல்லை வாசல்ல உறிஞ்ச ஆள் இல்லை. பானட்டைத் திறந்தா மட்டும் கண்காட்சி மாதிரி இருக்கும்.

முதல் ரெண்டு மாசம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் அந்தக் குட்டி ஃபில்டர் ஆயில்ல ஊறிப்போச்சு. வண்டி நிக்கற இடத்துல கருப்பா ஒரு வட்டம் விழ ஆரம்பிச்சது. முதல்ல ரெண்டு ரூபாய் நாணயம் அளவு, அப்புறம் தோசைக்கல் அளவு. ஒரு ஞாயித்துக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டு போயிட்டுத் திரும்பும்போது பின் சீட்டுல இருந்த பொண்ணு, "அப்பா, தலை வலிக்குது, பெட்ரோல் பங்க் வாசனை வருது"ன்னா. பழைய கார்னா அப்படித்தான்மான்னு சமாதானம் சொன்னேன். இப்ப நினைச்சா அதுதான் எனக்கு அதிகமா உறுத்துது. அந்த ஃபில்டர் வழியா இன்ஜின் பேக்குள்ள வர்ற கேஸ், டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கற தடுப்பில ஒரு பழைய ரப்பர் வளையம் கிழிஞ்சிருந்தாக்கூட உள்ளே வந்துடும். என் வண்டியில மூணு வளையம் கிழிஞ்சிருந்தது.

சரி, ஆயில் ஒழுகுதேன்னு பக்கத்துல ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். "கிளட்ச் ஹவுசிங் கீழே சொட்டுது, பின்பக்க ஆயில் சீல் போயிருக்கு"ன்னாங்க. இந்த வண்டியில அந்த சீலை மாத்தணும்னா இன்ஜினையே வெளியே தூக்கணும். வேற வழி கிடையாது. பில் இப்படி வந்தது: லேபர் 14 மணி நேரம், மணிக்கு 72 பவுண்ட் வீதம் 1,008. சீல், கேஸ்கெட், புது ஆயில் எல்லாம் சேர்த்து 122. மொத்தம் 1,130. அதுக்கு மேல 20 சதவீதம் வாட் 226. ஆக 1,356 பவுண்ட்.

காருக்குன்னு நான் வருஷத்துக்கு 1,200 தனியா ஒதுக்கி வைப்பேன். நம்ம வீடியோ பார்க்கறவங்களுக்கு இந்த சிங்கிங் ஃபண்ட் கதை தெரியும். அதுல ஏற்கெனவே டயருக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போனது போக 500 சொச்சம்தான் இருந்தது. மீதியை, பொங்கலுக்குத் திருச்சி போய் அம்மாவைப் பார்க்கறதுக்காக வச்சிருந்த டிக்கெட் பணத்துலேர்ந்து எடுத்தேன். ஊருக்குக் கதை சொல்றவன் தன் வீட்ல செஞ்சது இது. என் மனைவி கேட்டாங்க: "ஏங்க, கிளையன்ட் யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?" பதில் இல்லை. டிக்கெட்டை ஈஸ்டருக்குத் தள்ளிப் போட்டோம். போன்ல அம்மா "பரவால்லப்பா"ன்னு சொன்ன விதத்துல பரவாயில்லைங்கறது இல்லவே இல்லை.

மூணு வாரத்துல திரும்ப ஒழுகுச்சு.

கராஜ்காரங்களை நான் குறை சொல்லலை. நான் போய்ச் சொன்னது "சீல் மாத்துங்க"ன்னு. அவங்க மாத்தினாங்க, புது சீல் நல்லாத்தான் இருந்தது. ஏன் ஒழுகுதுன்னு கண்டுபிடிங்கன்னு நான் கேட்கவே இல்லை. கணக்குல இது எங்களுக்குப் பழக்கமான தப்பு. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலேன்னா சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல ஒரு என்ட்ரி போட்டு மூடிட்டுப் போறது. அடுத்த மாசம் வித்தியாசம் வேற இடத்துல தலையை நீட்டும்.

அப்புறம் ஒரு ஞாயிறு காலை, பழைய கார்க்காரங்க கூடற ஒரு பப் கார் பார்க்கிங்ல, எழுபது வயசைத் தாண்டின ஒரு ரிட்டயர்டு மெக்கானிக் என் பானட்டுக்குள்ள எட்டிப் பார்த்தார். குரோம் ஃபில்டரைப் பார்த்ததும் ஒரு மாதிரி சிரிச்சார். இன்ஜினை ஐடில்ல ஓட விடச் சொல்லிட்டு, ஆயில் மூடியைக் கழட்டி, அந்த வாய் மேல பார்க்கிங் ரசீதை வச்சார். ரசீது படபடன்னு ஆடி மேலே எழும்பிக் கீழே விழுந்தது. பக்கத்துல அவரோட வண்டி, என்னோடதைவிட ஒரு வருஷம் மூத்தது. அதுலயும் அதே ரசீதை வச்சார். வாயில அப்படியே ஒட்டிக்கிச்சு. விரலால எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசலை மனுஷன்.

அந்தப் பரிசோதனைக்கு ஆன செலவு பூஜ்யம். நான் 1,356 பவுண்ட் கொடுத்ததுக்கு அப்புறம் அதைப் பார்த்தேன்.

திரும்பப் பழையபடி மாட்ட ஆன செலவு: பழைய ஒரிஜினல் இரும்பு ராக்கர் கவர், செகண்ட் ஹேண்ட், 30. ஃபில்டரோட ஆயில் மூடி 9. ஹோஸும் ஒய்-பீஸும் 24. கிளிப் 4. டேப்பெட் கவர் கேஸ்கெட் 5. ஆக 72 பவுண்ட். டேப்பெட் கவரைக் கழட்டி, உள்ளே இருந்த கம்பி வலையை மண்ணெண்ணெய்ல ஊற வச்சுக் கழுவினேன். ஐம்பது வருஷத்துக் களிம்பு, அல்வா மாதிரி வந்தது. கார்புரேட்டர் கலவையைத் திரும்ப செட் பண்ணணும், இது முக்கியம். ஏன்னா கிராங்க்கேஸ் வழியா வர்ற காத்து, பெட்ரோல் ஜெட்டைத் தாண்டின இடத்துலதான் கார்புரேட்டருக்குள்ள சேருது. அந்தக் குழாயை அடைச்சா கலவை அடர்த்தியாகும், திறந்தா மெலியும். ரெண்டுல எதைச் செஞ்சாலும் மறுபடி டியூன் பண்ணியே ஆகணும். அடைச்சப்போ நான் அதையும் செய்யலை. மைலேஜ் குறைஞ்சதுக்கு டிராஃபிக்கைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

என் கருத்து இதுதான். கிளாசிக் கார் ரீஸ்டோர் பண்ணும்போது ப்ரீதர் சிஸ்டத்தை அழகுக்காகவோ, யாரோ சொன்னாங்கன்னோ மாத்தாதீங்க. ஏற்கெனவே யாராவது மாத்தியிருந்தா, வேற எந்தச் செலவும் செய்யறதுக்கு முன்னாடி அதைத் திரும்பப் பழையபடி வைங்க. பவர் கூடும்னு சொல்றதை நான் நம்பலை. ரோட்டுல ஓட்டற ஒரு 1,798 சி.சி. இன்ஜின்ல எனக்கு எந்த வித்தியாசமும் தெரியலை. ஆனா கேஸும் நீராவியும் உள்ளேயே தங்கினா ஆயில் சீக்கிரம் கெடும். குளிர்காலத்துல பக்கத்துக் கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டறவங்க ஆயில் மூடிக்கு அடியில மோர்க்களி மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கறதைப் பார்த்திருப்பீங்க, அது அந்தத் தண்ணிதான். என் மூடிக்கு அடியிலயும் அது இருந்தது. ஹெட் கேஸ்கெட் போச்சோன்னு பயந்து ஒரு ராத்திரி தூங்கலை.

மாத்தவே கூடாதான்னா, அப்படி இல்லை. எஸ்.யூ. கார்புரேட்டரை எடுத்துட்டு வெபர் போடறவங்களுக்கு அந்த உறிஞ்சு குழாயே இருக்காது. அப்ப மேனிஃபோல்டுல ஒரு பி.சி.வி. வால்வு வச்சு உறிஞ்ச வைக்கலாம். ஆனா வேற பெரிய இன்ஜினோட வால்வை மாட்டினா ஐடில்ல அளவுக்கு மீறிக் காத்தை இழுத்து வண்டி திக்கித் திணறும், வால்வு இன்ஜினுக்குப் பொருத்தமா இருக்கணும். ரேஸுக்குப் போறவங்க கேட்ச் டேங்க் வைப்பாங்க. ஆயில் டிராக்ல கொட்டக் கூடாதுன்னு அங்க விதியே இருக்கு, அந்த இன்ஜினை அடிக்கடி பிரிச்சும் பார்ப்பாங்க. ரேஸ் கார்ல இருக்கறதைப் பார்த்து ரோடு கார்ல மாட்டறதுதான் கோளாறு. இன்னொண்ணு, எல்லாம் ஒழுங்கா இருந்தும் ரசீது மேலே எழும்பினா, ரிங் தேய்ஞ்சிருக்கலாம். அப்ப கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. அதுல தெரிஞ்சா இன்ஜின் வேலைக்குப் பணம் கொடுக்கறதுல அர்த்தம் இருக்கு.

வரி விஷயமும் ஒண்ணு சொல்லணும், இல்லேன்னா இந்தப் பதிவை நான் எழுதி என்ன பிரயோஜனம். பிரிட்டன்ல சொந்த உபயோகக் காரை லாபத்துக்கு வித்தா கேப்பிட்டல் கெயின்ஸ் டாக்ஸ் கிடையாது. இதைச் சொல்லித்தான் நிறைய பேர் "கிளாசிக் கார் ஒரு முதலீடு"ன்னு கிளப்பி விடறாங்க. அதே விதியோட மறுபக்கம், நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை வேற எந்த லாபத்தோடயும் கழிக்க முடியாது. நான் கொடுத்த 1,356 பவுண்டை எந்த ரிட்டர்ன்லயும் காட்ட முடியாது, முழுசா என் பாக்கெட்லேர்ந்து போனது. விக்கும்போது "புது பின் சீல் போட்டிருக்கு"ன்னு சொன்னா வாங்கறவர் 50 பவுண்ட்கூட கூடுதலா தரமாட்டார். ஒரிஜினல் ப்ரீதர் இருக்கான்னு பார்த்து வாங்கறவங்க உண்டு.

அப்புறம், 40 வருஷம் தாண்டின வண்டிக்கு ரோடு டாக்ஸ் இல்லை. 2018 மே மாசத்துலேர்ந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியா இருந்தா வருடாந்திர எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயம் இல்லை. ரெண்டும் நமக்கு மிச்சம்னு நானே வீடியோல சொல்லியிருக்கேன். ப்ரீதரை அடைக்கறது அந்தப் "பெரிய மாற்றம்" கணக்குல வராது, யாரும் நம்மளக் கேட்கப் போறதில்லை. அதுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்க்கற ஒரு வெளி ஆள் இல்லாமப் போச்சு. ஆடிட் இல்லாத கம்பெனி மாதிரி. நான் இந்த வருஷத்துலேர்ந்து காசு கொடுத்து எம்.ஓ.டி. எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்ப வண்டி எப்படி இருக்குன்னா, ஒழுகல் சுத்தமா நிக்கலை. ராத்திரி முழுக்க நின்னா ரெண்டு சொட்டு, கீழே வச்ச அட்டையில எண்ணிடலாம். இந்த வயசுக்கு அது பரவாயில்லைன்னு அந்தப் பெரியவரே சொன்னார். உள்ளே வாசனை இல்லை. கிழிஞ்ச மூணு ரப்பர் வளையத்தையும் மாத்திட்டேன். அதுக்குத் தனியா ரெண்டு பவுண்ட் ஐம்பது பென்ஸ், மேலே சொன்ன 72-ல சேர்க்கலை.

பழைய வீடியோவை எடுத்துட்டேன். புது வீடியோ அடுத்த சனிக்கிழமை வரும், ரசீது பரிசோதனையை அதுல நேராவே காட்டறேன். என்னைப் பார்த்து குரோம் ஃபில்டர் மாட்டின அந்த ரெண்டு பேருக்கும் தனியா மெயில் போட்டாச்சு. ஒருத்தர் உடனே பதில் எழுதினார், அவர் வண்டியும் ஒழுகுதாம், கராஜ்ல இன்ஜினை இறக்க தேதி வாங்கி வச்சிருக்காராம். தேதியைத் தள்ளிப் போட்டுட்டு முதல்ல ஒரு துண்டுக் காகிதத்தை வச்சுப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன்.